தரையில் காயவைத்த தோல் ஜாக்கெட்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. நேற்று மதியம் என் மைத்துனி போரத்திடம் அதைச் சொன்னேன். சொல்லி முடித்ததுமே தெரிந்தது, கதைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது: பனி, ஒரு ஜாக்கெட், தவறு செய்யும் ஒரு பெண். அந்தப் பெண் என் மனைவி சுல்கி. அவள் இறந்து நேற்றோடு நாற்பத்தெட்டு நாள்.

2

முதல் தொடக்கம்: "ஒரு குளிர்கால மாலை, நனைந்த தன் தோல் ஜாக்கெட்டைச் சுல்கி சூடான தரையில் விரித்தாள். வெளியே…"

நன்றாக ஓடுகிறது. பொய் என்பதால் ஓடுகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கொரியாவில், எங்கள் வொன்ஜு நகரில், சனவரி மாதம் எல்லாமே வீட்டுத் தரைக்கடியில் ஓடும் சூட்டில்தான் காயும், சாக்ஸ், கையுறை, பள்ளிச் சீருடை. ஆகவே இந்தத் தவறு யாருக்கும் நேரக்கூடிய…"

யாருக்கோ நேரவில்லை. எனக்கு. அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்: "அது தோலுடா, உன் சாக்ஸ் இல்ல. சூடு காட்டினா செத்துப்போயிடும்."*

(* ஜாக்கெட் நனைந்தால் அவள் செய்யும் முறை: உலர்ந்த துண்டால் ஒற்றுவாள், தேய்க்கமாட்டாள். அகலமான ஹேங்கரில், சூடு எட்டாத பால்கனியில் மாட்டுவாள். இரண்டு நாள் கழித்து விரல்நுனியில் கொஞ்சம் கிரீம். என்னைத் தொடவிடமாட்டாள்.)

3

நடந்தது இது. போன வாரம் நூடுல்ஸ் வாங்கப் போனேன். அவள் வாசனைக்காக அந்த ஜாக்கெட்டைப் போட்டேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். இல்லை. கதவருகே தொங்கியது, எடுத்தேன். தோளில் இறுக்கிப் பிடித்தது. ஈரப்பனி கொட்டி ஜாக்கெட் ஊறிப்போனது. திரும்பி வந்து தரையின் மிகச் சூடான மூலையில் விரித்தேன், சூட்டை ஏற்றினேன், பக்கத்தில் படுத்தேன்.

எழுந்தபோது அது [உவமை தேடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.] விறைத்திருந்தது. முதுகில் நீளமாக வெடிப்பு.

4

எங்கள் வழக்கப்படி, நாற்பத்தொன்பதாம் நாள் இறந்தவரின் உடைகளைப் புத்தக் கோயிலில் எரிப்போம். போரம் அந்த ஜாக்கெட்டை மட்டும் தனக்குக் கேட்டிருந்தாள். நேற்று எடுக்க வந்தாள்.

"என்ன அத்தான் இது, கருவாடு மாதிரி கெடக்கு?"

"உங்க அக்காதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் தரையில போட்டுட்டா. உன்கிட்ட சொல்ல வெக்கம் அவளுக்கு."

"யாரு, அக்காவா? ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்னதுக்கு என்னை என்ன பேச்சு பேசினா! கடைசில மகாராணியே வறுத்துட்டாளா?"

சிரித்தாள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மாமியாரும் சிரித்தார். இத்தனை நாளில் முதல்முறை.

"இத வச்சு நான் என்ன பண்ண? நாளைக்கு இதையும் சேத்தே எரிச்சுடலாம் அத்தான். அவ போட்டோ முன்னாடி நின்னு நல்லா ஓட்டப்போறேன் பாருங்க."

நானும் சிரித்தேன். இதைச் சேர்க்க வேண்டாமென்று இரண்டு முறை நீக்கினேன்.

5

முடிவு ஒன்று: போரத்தை அழைத்துச் சொல்கிறேன். அழுகிறாள், மன்னிக்கிறாள். (எனக்கு வசதி.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. தோல் எரியும் நாற்றத்தில் தலைகுனிந்து நிற்கிறேன். (அதுவும் வசதிதான்.)

முடிவு மூன்று: மாமியார் தானாகவே கண்டுபிடித்து…

இப்போது காலை எட்டு மணி. பதினொன்றுக்கு நெருப்பு. ஜாக்கெட் காரின் பின்சீட்டில் இருக்கிறது. சொன்னால் இரண்டு பேரின் சிரிப்பு போகும். சொல்லாவிட்டால், செய்யாத தவறுக்குக் கேலி கேட்டுக்கொண்டு சுல்கி போவாள்.

முடிவை நான் எழுதினால் எப்படியும் அதில் நல்லவனாகிவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். அவளை உங்களுக்குத் தெரியாது. உங்களால் அவளிடம் நியாயமாக நடந்துகொள்ள முடியும்.