கூரை கழுவும் கூலி

அலுமினியத்துக்கு நிறம் ஏற்றும் அனோடைசிங் பட்டறைக்காரியின் வீட்டின் மேல் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை பெயிண்ட் குண்டுகள் பெய்தன. கோலிக்குண்டு அளவு, மெல்லிய தோல், உள்ளே மஞ்சள் சாயம். முதல் வாரம் முந்நூற்றுப் பதினேழு விழுந்தன. பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அந்த வீட்டம்மா அதைத் தன் துவைப்பின் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்த முதல் ஞாயிறுக்கு மூன்று நாள் முன்புதான் பட்டறைக்காரி பன்னிரண்டு விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கு ஊதா நிறம் ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஊருக்கு வெளியே வேலி போட்ட மைதானத்தில், சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் குழு ஒன்றினுடையவை அவை. விலை பேச வந்தவன் குழுவின் கேப்டன்.

"கலர்ல முக்கி எடுக்கிறதுக்கு இவ்வளவாக்கா?" என்றான்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். பழைய பூச்சைக் கரைக்க வேண்டும். கீறல்களைத் தேய்த்து எடுக்க வேண்டும். திருகு ஓட்டைகளை அடைத்து, ஒவ்வொரு பாகத்தையும் அலுமினியக் கம்பியில் இறுக்கிக் கட்டி, அமிலத் தொட்டியில் இறக்கி, ஒரு மணி நேரம் கரண்ட் கொடுத்தால்தான் சாயத்தைக் குடிக்கும் தோல் உலோகத்தின் மேல் வளரும். அப்புறம் சாயம், அப்புறம் கொதிநீர். நடுவில் ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் கடைசியில் காட்டிக்கொடுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இத்தனையும் செய்தபின், குழாயும் உடலும் வேறு வேறு அலுமினியம் என்றால், ஒன்று கத்தரிக்காய் நிறத்திலும் இன்னொன்று நாவல்பழ நிறத்திலும் வந்து நிற்கும்.

கேப்டன் முழுவதையும் கவனமாகக் கேட்டான். "அதாவது, முக்கி எடுக்கிறது" என்றான்.

பட்டறையில் பாலிஷ் போடுபவர் அவளுடைய கணவர். அவர் உள்ளே கூப்பிட்டு, "இதையும் விட்டுட்டா அடுத்த மாசம் நாம ரெண்டு பேரும் ஜன்னல் கம்பெனிக்குத்தான் சம்பளத்துக்குப் போகணும்" என்றார். பாதி விலைக்கு ஒத்துக்கொண்டாள். பதினோரு நாள் வேலை.

குண்டு மழையைப் பற்றிக் கேட்க ஆள் அனுப்பியதும் கேப்டன் மறுநாளே வந்தான். தன் குழுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபிக்க, முற்றத்தில் கிடந்த காலி பீப்பாயைப் பத்தடி தூரத்திலிருந்து சுட்டான். குண்டு பீப்பாயை விட்டு விலகிப் போனது. அடுத்த கணம் அவன் முதுகுக்குப் பின்னால் தகரக் கூரையில் டப்பென்று உடைந்தது. இன்னும் எட்டு முறை சுட்டான். எட்டும் கூரைக்கே வந்தன. குறி தப்பியவை எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன என்பதும், இந்தக் குழுவில் யாருக்கும் குறி என்ற ஒன்று கிடையாது என்பதும் ஒரே நாளில் தெரிந்தன.

"பூச்சை எடுத்துட்டு மறுபடி போட்டுத் தரேன் தம்பி. காசு வேண்டாம்."

"வேண்டாம்கா. ஃபினிஷிங் அருமையா இருக்கு" என்று சொல்லித் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

செய்தி பரவியது. வேடிக்கை பார்ப்பவர்கள் மேலும் நிறுத்தியிருந்த கார்கள் மேலும் குண்டு படாமல் இருப்பதைக் கண்ட மைதான முதலாளி, இனி அந்தப் பட்டறையில் நிறம் ஏற்றிய துப்பாக்கிகளுக்கு மட்டுமே அனுமதி என்றார். ஒன்பது குழுக்கள் வந்தன. ஒன்பதும் பேரம் பேசின. வாராவாரம் புதுப் பெயிண்ட் அடித்ததுபோல் வீடு இருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஆண்டின் கடைசியில் கணவர் கூரையைக் கழுவும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தில்தான் அவள் ரசீதில் 'கூரை கழுவும் கூலி' என்று ஒரு வரி சேர்த்தாள். அதில் யாரும் ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. "பாவம், மேல ஏறிச் செய்யணுமே" என்று கேப்டன் கேட்டதற்கு மேலேயே கொடுத்தான். அமிலத்தில் அவள் ரேகைகள் தேய்ந்து, வங்கியின் இயந்திரம் அவளை யாரோ என்று திருப்பி அனுப்பியபோதும் அனோடைசிங்குக்குப் பேரம் நிற்கவில்லை. அவளும் மெல்ல மெல்ல அதைக் குறைத்து, குறைத்ததையெல்லாம் கூரையில் ஏற்றினாள். நான்காம் ஆண்டில் நிறம் ஏற்றுவது இலவசம் என்று பலகை வைத்தாள். ஜன்னல் கம்பெனிப் பேச்சு அதன்பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

ஐந்தாம் ஆண்டு மைதானத்தில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். விருந்தாளிக்கென்று வாங்கிய வெள்ளைக் குண்டுகளைப் போட்டு, அவளே நிறம் ஏற்றிய துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இத்தனை வருடத்தில் அவள் ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்த்ததில்லை. கேப்டன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு எதிரே போய்க் கைகளை விரித்து நின்றான். "சும்மா சுடுங்கக்கா, எப்படியும் உங்க வீட்டுக்குத்தானே போகுது" என்றான். கூட்டம் சிரித்தது.

ஆறு குண்டுகள் இருந்தன. அவள் அவசரப்படவில்லை.

மதியம் வீடு திரும்பியபோது கணவர் வாளியும் துடைப்பமுமாகக் கூரை மேல் இருந்தார்.

"வெள்ளை ஒண்ணுகூட வரலையே. சுடலையா?"

"ஆறும் சுட்டேன்."

அவர் கூரையை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே இறக்கினார். அவள் சால்வையை மடித்து வாசலில் வைத்துவிட்டு, அவர் இறங்குவதற்காக ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.