கரவான் இழுக்க ஒரு வாகனம்

மேரிறோசின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து இரண்டு வருடமாகியிருந்தது. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக ஒரு பையிலிருந்து இரண்டு லீற்றர் மருந்துநீரை உள்ளே விடவேண்டும். சில மணித்தியாலங்கள் கழித்து அதை வடித்துவிட்டுப் புதிய நீரை ஏற்றவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவின் மூன்றாம் மாடி அறையில் யன்னலைச் சாத்தி, கையைத் தேய்த்துக் கழுவி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அவளே இதைச் செய்துகொள்வாள். குழாய்க்குள் கிருமி போனால் ஆஸ்பத்திரிதான். அந்தப் பயத்தில், பொபினிக்கு டாக்டரிடம் போவதைத் தவிர அவள் வேறெங்கும் போனதில்லை.

1987 யூனில் அந்த டாக்டரே கேட்டார், "ஏன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள்? பை மாற்றச் சுத்தமான இடம் ஒன்று இருந்தால் நீங்கள் எங்கேயும் போகலாமே."

அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள். ஓகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளுக்கு லூர்துக் கோவில். லா சப்பலிலிருந்து தமிழ்ச் சனம் பஸ் பிடித்துப் போவார்கள். ஆனால் ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸுக்குள் பை மாற்ற முடியாது.

"கரவான் ஒண்டு இருந்தா?" என்று கேட்டான் அவளுடைய கணவன் மடுத்தீன்.

மன்னாரிலிருந்து கொழும்புக்குப் பன்னிரண்டு வருடம் மீன் லொறி ஓட்டியவன் அவன். இப்போது றுவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கினான். கூட வேலை செய்யும் செபஸ்தியாம்பிள்ளைக்குக் கூசேன்வில்லில் வீடு. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் தெற்கே குடிபெயர்ந்தபோது, கொண்டுபோக வசதியில்லாமல் வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு போன்ற ஒரு பழைய கரவானை அவருடைய வளவில் விட்டுப் போயிருந்தார். மேரிறோஸ் மூன்று ஞாயிற்றுக்கிழமை அதைக் கிருமிநாசினி போட்டுக் கழுவினாள். கட்டில், சின்ன அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் உள்ளேயே இருந்தன.

இழுக்கத்தான் வாகனம் இல்லை. மடுத்தீனின் சிறிய கார் அதை அசைக்கக்கூட மாட்டாது. லூர்தில் அவர்களுக்குக் கிடைத்த முகாம் இடமோ மலைச்சரிவில் ஒரு புல்வெளி. மழை பெய்தால் வாகனங்கள் புதைந்துபோகும், நான்கு சக்கரமும் இழுக்கிற வாகனத்தில் வந்தால் நல்லது என்று அங்கிருந்த அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

முதலில் செபஸ்தியாம்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பொபினிக்கு அருகில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் போனார்கள். சிவப்பு ஜீப். வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. மடுத்தீன் கதவைத் திறந்து ஏறி இருந்ததும் அவன் முகமே மாறிவிட்டது.

"ரோஸ், இந்த சீற்றிலை நீ படுத்துக்கொண்டே வரலாம்."

செபஸ்தியாம்பிள்ளை எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். "மடுத்தீன், நாங்கள் வாறதுக்கு முதலே ஓட்டிச் சூடாக்கி வைச்சிருக்கினம். குளிர்ந்த எஞ்சினை எங்களுக்கு முன்னாலை ஸ்டார்ட் பண்ண விருப்பமில்லைப் போல."

"நல்ல எஞ்சின் அண்ணை. சத்தத்தைக் கேளுங்கோ."

மேரிறோஸ் வாகனத்தைப் பார்க்கவேயில்லை. பதிவு அட்டையை, அந்த கார்த் கிறிசை, வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன நீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று இரண்டு வருடமாக நாள் தவறாமல் எழுதி வந்தவள். இலக்கங்கள் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இதின்ரை வெறும் நிறை தொள்ளாயிரத்து நாப்பது கிலோ. கரவான் ஆயிரத்து நூறு."

"அதுக்கென்ன?"

"கரவான் வாகனத்தை விடப் பாரமெண்டா உங்கடை லைசென்ஸ் காணாது. வேறை லைசென்ஸ் எடுக்கவேணும். அதைவிட, இறக்கத்திலை பாரமானது லேசானதைத் தள்ளிக்கொண்டு போகாதே?"

"பொலிஸ் நிறுத்தித் தராசிலையே வைக்கப்போறான்? நான் மீன் லொறி ஓட்டினவன், ரோஸ்."

"லொறியிலை மீன் இருந்தது. இதிலை நான் இருக்கப்போறன்."

மடுத்தீன் விற்பனையாளரிடம், கரவானைக் கொண்டுவந்து கொழுவி ஒருதரம் இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். கிளச் தேய்ந்துவிடும், அதெல்லாம் முடியாது என்றார் அவர். மூவரும் திரும்பினார்கள். வழி முழுக்க மடுத்தீன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும், வீட்டுப் படியில் ஏறும்போது, "கிளச்சுக்கு அவனே பயப்பிடுறான் எண்டா நான் என்னெண்டு வாங்குறது?" என்று தானாகவே சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் எக்குவன் பக்கம் ஒரு விவசாயியின் வீட்டுக்குப் போனார்கள். அவர் காட்டிய, நான்கு சக்கரமும் இழுக்கிற வாகனம் பச்சையாகவும் இல்லை, சாம்பலாகவும் இல்லை. இடதுபக்கக் கதவு நசுங்கியிருந்தது. உள்ளே குதிரை நாற்றம். பத்து வருடமாகக் குதிரைகளை ஏற்றிய வண்டிலை இழுத்த வாகனம் அது.

மேரிறோஸ் அட்டையை வாங்கினாள். "ஆயிரத்து அறுநூறு!" என்றாள்.

மடுத்தீன் சாக்கை விரித்து வாகனத்தின் அடியில் புகுந்தான். சுத்தியலால் சேசிஸை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனான். மேலே துரு இருந்தது. உள்ளே இரும்பு திடமாகச் சத்தமிட்டது. எஞ்சின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. திறப்பைத் திருப்பினான். இரண்டு தடவை இருமி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"கரவான் எங்கே?" என்று விவசாயி கேட்டார். "இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நானும் வருகிறேன்."

கூசேன்வில்லுக்குப் போய்க் கரவானைக் கொழுவிக்கொண்டு எக்குவன் மேட்டுக்கு வந்தார்கள். பாதி ஏற்றத்தில் மடுத்தீன் வேண்டுமென்றே நிறுத்தினான். கைப்பிறேக்கை இழுத்தான், விட்டான், கிளச்சை மெல்லத் தூக்கினான். வாகனம் ஒரு அங்குலம்கூடப் பின்னே வழுகாமல் மேலே ஏறியது. கருகல் மணமும் இல்லை.

"இதுதான்," என்றான் மடுத்தீன்.

மேட்டின் மறுபக்கம் இறங்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. கீழே வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி ஒன்று வீதிக்குக் குறுக்கே சரிந்து கிடந்தது. முன்னால் போக வழியில்லை. ஒடுக்கமான வீதியில் கரவானோடு திரும்பவும் முடியாது. மடுத்தீன் ஓரப் புல்லில் இறக்கி நிறுத்தினான். மணி பன்னிரண்டு ஐந்து, மதியப் பை மாற்றும் நேரம்.

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிருந்தது, அவனுக்குத்தான்.

"பை கொண்டுவந்தனான்," என்றாள் மேரிறோஸ். "சுடுதண்ணிப் போத்தலோடை சுத்தி வைச்சிருக்கிறன். கரவான் பின்னாலைதானே நிக்குது?"

"இஞ்சையோ? றோட்டிலையோ?"

"லூர்துக்குப் போற வழியிலையும் றோட்டிலைதானே மாத்தவேணும்? இண்டைக்குப் பாப்பம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மடுத்தீன் மழைக்குள் கதவடியில் நின்றான். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அலுமாரிக் கைப்பிடியில் பையைக் கொழுவும் சத்தம். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. விவசாயி வாகனத்திலிருந்து இறங்கி வந்து தன் மழைக்கோட்டை அவன் தோளில் போட்டார். என்ன நடக்கிறது என்று கேட்டார். மடுத்தீன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டு அவனோடேயே நின்றார்.

நாற்பது நிமிடத்தில் கதவு திறந்தது.

"முடிஞ்சுது," என்றாள். "நல்லாய் வடிஞ்சுது. மேடு ஏறினதிலை வயிறு நோகவும் இல்லை."

அதற்குள் வீதி திறந்துவிட்டது. ஆனால் கரவானின் சக்கரங்கள் ஈரப் புல்லில் பாதி புதைந்திருந்தன. விவசாயி சிறிய இரண்டாவது கியர்த் தடியைக் காட்டினார். அதைப் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும். மடுத்தீன் போட்டான். நான்கு சக்கரமும் சேற்றை மெதுவாகப் பிடித்தன. கரவான் ஒருதரம் குலுங்கி, மேலே வந்து, தார் வீதியில் நின்றது. செபஸ்தியாம்பிள்ளை பின் சீற்றிலிருந்து கைதட்டினார்.

வாகனத்தை அங்கேயே பேசி முடித்தார்கள். ஆனால் மடுத்தீனுக்கு அன்றும் மறுநாளும் நித்திரை இல்லை. கிருமி போயிருந்தால் இரண்டொரு நாளில் வடிகிற நீர் கலங்கலாக வரும். ஒவ்வொரு தடவையும் பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் மேரிறோஸ் பையைச் செய்தித்தாளின் மேல் வைத்து, அதனூடாகவே எழுத்தை வாசித்துக் காட்டினாள்.

"தெளிவாய் இருக்கப்பா. இனியாவது வேலைக்குப் போங்கோ."

அவன் கதிரையில் இருந்து சத்தமில்லாமல் கொஞ்சநேரம் அழுதான். பிறகு வேலைக்குப் போனான்.

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி புறப்பட்டார்கள். நாற்பது பைகள், எண்பது கிலோவுக்கு மேல், கரவானின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கியிருந்தன. எண்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் மடுத்தீன் போகவில்லை. நேரம் வந்தபோதெல்லாம் ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். அவள் பின்னால் போய் வந்தாள். இரண்டாம் நாள் பிற்பகல் லூர்தை அடைந்தபோது முதல் நாள் மழையில் புல்வெளி சதசதவென்று கிடந்தது. முகாம்கார அம்மா சரிவின் உச்சியைக் காட்டி, "உங்களால் அங்கே ஏற முடியுமா?" என்று கேட்டார்.

ஏறினார்கள்.

மேரிறோஸ் இறங்கி மலையைப் பார்த்தாள். பிறகு கணவனைக் கட்டிலுக்கு அனுப்பினாள். மாலைப் பையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், லா சப்பலிலிருந்து பஸ்ஸில் வந்த சிநேகிதி அற்புதராணி ஆட்களைத் தேடிப் போகப்போவதாகவும் சொன்னாள். அவளுக்கு என்ன பதில் சொன்னான் என்று மடுத்தீனுக்கு நினைவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பதினொரு மணித்தியாலம் தூங்கினான்.