வாசற்படி வரை வந்த வெள்ளம்

1

இந்தக் கதை என் அண்ணன் கொடுத்தது. கொடுத்தது என்ன, என் தலையில் கட்டியது. வண்டி போகாத ஊர்களுக்கு ஆற்றின் குறுக்கே தொங்கும் நடைபாலம் கட்டுகிற இன்ஜினியர் அவர். "எழுதுறதுதானடா உன் பொழப்பு? என் மேல தப்பில்லைன்னு வர்ற மாதிரி எழுது" என்றார்.

2

ஆறு அன்று அமைதியாக ஓடிக்கொண்டி—

(வேண்டாம். எல்லாக் கதையிலும் ஆறு அமைதியாகத்தான் ஓடித் தொலைக்கிறது.)

கரையோர வீட்டுக்காரி தன் வாசற்படியைக் காட்டினாள். "பெரிய வெள்ளமே இதுவரைக்கும்தாங்க சார் வந்துச்சு." அண்ணன் குறித்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் காட்டும் மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் விட்டுப் பாலத்தின் தளத்தைப் போடுவது இன்ஜினியர்களின் வழக்கம்.

அவள் சொன்னது பொய். முந்தின வருஷம் பாலத்துக்கு இடம் பார்க்க வந்த குழுவிடம் கூரையைக் காட்டி உண்மையைச் சொன்னாள். அவ்வளவு உயரத்துக்குக் கட்ட முடியாது என்று அவர்கள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். இந்த முறை ஊரே கூடிப் பேசி, வாசற்படி என்று முடிவு செய்தது. அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் அக்கரையில்.

3

அண்ணனை நம்புவதில்தான் எனக்குச் சிக்கல்.

(அந்த வீட்டு உத்தரத்தில் சேற்றுக்கறை இருந்ததாக ஒருநாள் அவரே வாய் தவறிச் சொன்னார். உடனே, "புகையா இருக்கும்டா" என்றார். இருபது வருஷம் ஆறுகளோடு மாரடித்தவருக்குச் சேறு எது, புகை எது என்று தெரியாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருஷம் அவர் பார்த்த மூன்று இடங்கள் ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தன; இதையும் விட மனசில்லாமல் கறையைக் கண்டும் காணாமல் இருந்திருக்கலாம். அல்லது அவள்மேல் இரக்கமாகவும் இருக்கலாம்.)

4

பாலம் கட்டிய இரண்டாவது மழைக்காலத்தில் தண்ணீர் தளத்தைத் தொட்டது. மிதந்து வந்த மரம் மோதிச் சிக்கி, வடம் அறுந்தது. பள்ளி விட்டு வந்த மகள் அப்போது பாதிப் பாலத்தில் இருந்தாள். ஒரு வரைவில் அவளைக் காப்பாற்றிப் பார்த்தேன்: கிளையொன்றைப் பிடித்துக்கொண்டு அவள்—

(வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

அவள் கிடைக்கவேயில்லை.

அண்ணன் போய் நின்றார். தாய் திட்டவில்லை. "நான்தாங்க சார் பொய் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?" என்று கேட்டாள்.

5

என்ன பதில் சொன்னார் என்று அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. "தெரியாதுன்னு சொன்னதா எழுதிடு" என்றார், அவ்வளவுதான்.

அப்படி எழுதினால், அவள் சாகும்வரை அந்தப் பழியைத் தனியாகச் சுமப்பாள். மாற்றி எழுதினால் அண்ணன் என் வீட்டுப் படி ஏறமாட்டார். அவளோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவர் பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கென்ன, அவர் உங்கள் அண்ணன் இல்லையே.