முகம் காட்டிப் பேசுகிறவள்

மேலாளர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டினால் பெஞ்சு முன்பக்கம் சாய்ந்தது, மடக்கவும் வழியில்லை. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மணி பன்னிரண்டரை. உள்ளே மின்விசிறி கிறீச்சிடும் சத்தமும் மேலாளர் போனில் சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"அவருக்குக் காலு நல்லாத்தானே இருக்கு, அவசரம் எதுக்கு வரும்" என்றாள் நாத்தனார். மருத்துவமனையில் வார்டு துடைக்கிறவள். அண்ணன் லாரியோடு வெளியூர் போயிருந்ததால் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணியைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்திருந்தாள்.

"மெதுவாப் பேசு. கேக்கும்."

"கேக்கட்டும்னுதானே பேசறேன், அண்ணி."

அண்ணிக்கு அந்தப் பூங்காவில் வழிகாட்டி வேலை. அரசாங்கத் தாளில் 'இயற்கை மற்றும் மரபு விளக்குநர்' என்று நீட்டி முழக்கியிருக்கும். வருகிறவர்களுக்கு அவள் கைடு, கூட வேலை செய்கிறவர்களுக்கு ரிவர்ஸ். இடிந்த கோட்டை, அதற்குள் படியிறங்கிப் போகும் குளம், மதிலைப் பிளந்து வளர்ந்த மரங்கள், மதில் பொந்துகளில் ஆந்தைகள். ஒன்பது வருஷமாக நாளைக்கு ஆறு கூட்டம், ஆறு கூட்டத்துக்கும் இவற்றைச் சொல்லிச் சொல்லித் தொண்டையைத் தேய்த்தவள். ஒன்பது வருஷமும் பதினொரு மாத ஒப்பந்தம்தான்.

ரிவர்ஸ் என்ற பட்டம் சும்மா வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒரு பெரிய மனுஷர், 'கைடு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார், மரியாதை தெரியவில்லை' என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. விளக்குநர்கள் பார்வையாளர்களுக்கு முகம் காட்டியே பேச வேண்டும். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிஷம், பதினேழு இடம் என்று ஏற்கெனவே ஒரு சுற்றறிக்கை இருந்தது. நின்று பேசினால் நேரம் போதாது, நடந்து பேசினால் முதுகு தெரியும். என்னதான் செய்வாள்? பின்பக்கமாக நடக்கக் கற்றுக்கொண்டாள்.

குளத்துக்கு இருபத்திரண்டு படி. கண் மேலே கூட்டத்தின் மேல் இருக்கும், கால் தன்பாட்டுக்குக் கீழே இறங்கும். பேசிக்கொண்டே எண்ண முடியாதென்பதால் பேச்சையே படிக்கு அளவெடுத்து வெட்டி வைத்திருந்தாள். 'இந்தக் குளத்தை வெட்டினவங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்ல' என்று முடிக்கும்போது ஏழாவது படி. 'எந்தக் கோடையிலயும் இது வத்தினதில்ல' என்றால் பத்து. அதற்கப்புறம் ஒரு மூச்சு விட்டு ஆந்தையைக் காட்டினால் பதினாலு. ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கால் பிசகியதில்லை.

போன திங்கட்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. அன்றைக்கு விளக்கு அலங்காரத்துக்குக் கேபிள் போட வந்தவர்கள் பதினொன்றாவது படியையும் பன்னிரண்டாவது படியையும் பெயர்த்தெடுத்துவிட்டு, வேலை முடியாமல் போய்விட்டார்கள். குறுக்கே ஒரு கயிறு கட்டவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய் காலை முதல் கூட்டத்தோடு அவள் இறங்கினாள். பத்தாவது படி வரைக்கும் பேச்சு சரியாகத்தான் வந்தது.

மணி ஒன்று அடிக்கப்போகும்போது உள்ளே கூப்பிட்டார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் மேலாளர். அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் கோப்புகள் இடுப்புயரத்துக்கு உட்கார்ந்திருந்தன. நாத்தனார் அவற்றை அலாக்காகத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"அதைத் தொடாதீங்க. ஆடிட் கோப்பு."

"கோப்பு தரையில உக்காந்துக்கும் சார். இவங்களுக்குக் காலு ஒடைஞ்சிருக்கு."

"விசாரணை நடக்கும்போது வெளியாளு இருக்கக் கூடாது."

"நான் வெளியாளு இல்ல சார். நாத்தனார்."

மேலாளர் அவளைப் பார்க்காமல் போனை எடுத்து மேசைமேல் சாய்த்து வைத்தார். பத்தொன்பது விநாடிப் படம். அன்றைக்குக் கூட்டத்திலிருந்த எவனோ பிடித்தது. அண்ணி தன் குரலைக் கேட்டாள்: 'எந்தக் கோடையிலயும் இது வத்தினதில்ல.' அதோடு குரல் நின்றது, ஆளும் காணாமல் போனாள். படம் பிடித்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். யாரோ 'ஐயையோ' என்றார்கள். அந்த ஐயையோவிலும் பாதி சிரிப்புதான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. விழுந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"மூணு லட்சம் பேர் பாத்துட்டாங்க. மேலிடத்துலேருந்து என்னைக் கேக்கறாங்க. இதுல என்ன தெரியுது, சொல்லுங்க."

"ரெண்டு படி இல்லாதது தெரியுது சார்."

"அது இல்லம்மா. நீங்க பின்பக்கமா நடக்கறது தெரியுது. கடவுள் கண்ணை எதுக்கு வச்சிருக்கான்? பாத்து நடக்கத்தானே."

அவள் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்தாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்த தாளை மேசையில் விரித்து வைத்தாள். அடியில் அவர் கையெழுத்தே இருந்தது. அந்தத் தாளை நம்பித்தான் அவள் வந்திருந்தாள். 'பணியின்போது நேர்ந்த விபத்து' என்று இவர் ஒரு வரி எழுதினால் போதும், கால் கூடும்வரை விடுப்பு, வைத்தியம், திரும்பி வந்தால் அதே வேலை. 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் நாளையிலிருந்து அவள் அங்கே யாரோ எவரோ.

மேலாளர் நிதானமாகப் படித்தார். "முகம் காட்டிப் பேசணும்னு போட்டிருக்கு. சரி. பின்பக்கமா நடக்கணும்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

"வேற எப்படி சார் நடக்கறது" என்றாள் நாத்தனார். "நண்டு மாதிரி பக்கவாட்டுலயா?"

"நின்னு பேசணும். பேசி முடிச்சுட்டுத் திரும்பி நடக்கணும். இது ஒரு பெரிய வித்தையா?"

"பதினேழு இடம் சார், நாப்பது நிமிஷம்" என்றாள் அவள். "போன வருஷம் மூணு நிமிஷம் கூடிப்போச்சுன்னு நீங்கதான் எனக்கு மெமோ குடுத்தீங்க."

"மெமோ வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"நான் பின்னாடி நடக்கறது உங்களுக்குத் தெரியாதா சார்? போன மாசம் வெளிநாட்டுக்காரங்க வந்தப்ப நீங்களே கூட வந்தீங்க. 'எங்க கைடுக்கு முதுகுலயும் கண்ணு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் சாட்சியா எடுத்துட்டு வருவீங்களா?"

"ஒரு கயிறு கட்டியிருந்தா போதும் சார். ஒரு போர்டு வச்சிருந்தா மேல நிக்கும்போதே பாத்திருப்பேன்."

"போர்டு இருந்துச்சு."

"இல்ல சார்."

"இருந்துச்சுங்கறேன். எழுந்து வாங்க, நேர்லயே பாத்துடுவோம்."

அலுவலகத்துக்குப் பின்னால் நூறடி தள்ளிக் குளத்துப் படி. மேலாளர் விசாரணைக் கோப்போடு முன்னால் விறுவிறுவென்று போய்விட்டார். அவள் ஒரு கையில் தடி, ஒரு கை நாத்தனார் தோளில் என்று நொண்டி நொண்டிப் போய்ச் சேருவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. மேல் படியில் நின்று கீழே பார்த்தாள். பதினொன்றும் பன்னிரண்டும் திரும்ப வந்திருந்தன. மற்றவை கறுத்துப் பாசி படிந்திருக்க, அவை இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. படிக்கட்டின் தலைமாட்டில் ஓர் இரும்புப் பலகை நின்றது. 'கவனம். படி வேலை நடைபெறுகிறது.' கீழே போன திங்கட்கிழமைத் தேதி.

ஒன்பது வருஷமாக அந்த இடத்தில் ஒரு பலகையை அவள் கண்டதில்லை. பிடிமானத்துக்கு அதன்மேல் கையை ஊன்றினாள். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"பெயின்ட் இன்னும் காயவே இல்ல சார்."

"ஈரத்துல இளகியிருக்கும்."

"மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"குளத்துக் காத்தும்மா. உங்களுக்கும் எனக்கும் தெரியாத விஷயமா" என்றவர், வாசலைப் பார்த்துக் கைதட்டிக் காவலாளியைக் கூப்பிட்டார்.

காவலாளி ஓடி வந்தார். அன்றைக்கு அவளை முதுகில் சுமந்து பத்துப் படி ஏறியவர் அவர்தான். வண்டி வரும்வரை அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தொப்பியால் விசிறியவர். அவரைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"போன செவ்வாக்கெழம இந்த போர்டு இங்க இருந்துச்சா, இல்லையா?"

காவலாளி தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இருந்துச்சு சார்."

"அண்ணே" என்றாள் அவள்.

அவர் நிமிரவில்லை. தொப்பியைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண் எல்லாம் சிவப்பாக இருந்ததை அவள் பார்த்தாள். வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையைப் பிடித்து இழுத்து மேலாளர் முகத்துக்கு நேரே காட்டியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அவருக்கு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. காட்டிக்கொடுத்தால் போகிறது அவர் வேலைதான், பூசச் சொன்னவர் வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

நாத்தனார் மூடவில்லை. "புள்ளகுட்டிக்காரரு நீங்க. நல்லா இருங்கண்ணே" என்றாள். காவலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

மேலாளர் கோப்பைப் பலகைமேல் வைக்கப் போனார். பெயின்ட் ஞாபகம் வந்து கையிலேயே வைத்துக்கொண்டு எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். எச்சரிக்கைப் பலகை இருந்தும் பின்பக்கமாக நடந்த கவனக்குறைவு. துறைக்கு அவப்பெயர். ஒப்பந்தம் தொடர முடியாது.

"கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"போடலைன்னா 'கையெழுத்திட மறுத்தார்'னு எழுதிக்குவேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எழுதிக்குங்க. எழுதறது உங்களுக்குக் கைவந்த கலைதானே."

அவர் பதில் சொல்வதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கூட்டம் வந்தது, முப்பது பேர் இருப்பார்கள். முன்னால் புதிய கைடு. இவள் விழுந்த மறுநாளே வேலைக்கு வந்தவள். கையில் ஒரு தாள், அதில் இவள் பேசிய பேச்சு வரி மாறாமல் தட்டச்சாகியிருந்தது. புதியவள் படிக்கட்டை எட்டியதும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கத் தொடங்கினாள். கூட்டம் மேலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணும் கேக்கலைம்மா" என்றார் ஒருவர். "எங்களுக்குச் சொல்றியா, படிக்குச் சொல்றியா?"

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் புகார்ப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மேலாளர் கோப்பை மூடினார். "ஏம்மா, முதுகைக் காட்டிட்டா பேசறது? ஜனங்க முகத்தைப் பாத்துப் பேசு."

"படி சார்..."

"படி எங்கயும் ஓடிப் போகாது. கீழ போய்ச் சேரு, அடுத்த கூட்டம் காத்துட்டு இருக்கு."

புதியவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "இந்தக் குளத்தை வெட்டினவங்க பேரு" என்று சத்தமாக ஆரம்பித்தாள். அவளுடைய வலது குதிகால் பின்னால் நீண்டு, வெறும் காற்றில் அடுத்த படியைத் தேடியது.