சேஃப்டிக்கு ஒன்று

இரண்டாவது ரீலில் குணசுந்தரியின் இடது கை இயந்திரத்துக்குப் போய்விட்டது. டப்பிங் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

படம் கார்ட்டூன் படம். அதில் நீரா என்ற பெண், உறுப்பு உறுப்பாக ஒரு ராட்சத இயந்திரத்தோடு இணைகிறாள். திரையில் இருப்பவள் எதைக் கொடுக்கிறாளோ, குரல் தருகிறவளும் அதைக் கொடுத்தாக வேண்டும். வேறெப்படி உணர்ச்சி வரும்?

முழங்கைக்குக் கீழே சாம்பல் நிற ஒயர் தொங்கியது. அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். பஸ்ஸில் ஷாக் அடிக்காமல் ஓரமாக நிற்கும்படி மட்டும் கண்டக்டர் கேட்டுக்கொண்டார்.

இன்று கடைசி ரீல். நீரா தன் குரலைக் கொடுக்கும் காட்சி.

குணசுந்தரிக்கு ஒரே கவலைதான். ஆயுதபூஜை விடுமுறை; மகள் இனிகா வீட்டில் தனியாக இருந்தாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, அம்மா குரல் கேட்டால்தான் தாழ்ப்பாளைத் தொட வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

"குரல் முழுசா போயிடுமா தம்பி?"

சவுண்ட் இன்ஜினியர் டில்லிபாபு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தான். டேக் முடிந்ததும் மெஷின்களுக்குப் பூஜை.

"ஒரே டேக்ல ஓகேன்னா பாதிதான்க்கா போவும். மீதி உங்களுக்கு."

"கதவு திறக்கிற அளவுக்கு இருந்தா போதும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. நீரா வாயைத் திறந்தாள்.

"எடுத்துக்கொள்" என்றாள் குணசுந்தரி.

உதட்டசைவு அச்சாகப் பொருந்தியது. தொண்டைக்குள் யாரோ மாடியைக் காலி செய்துகொண்டு போனது போலிருந்தது.

"சூப்பர்க்கா! ஓகே!"

அவளுக்கு மூச்சு வந்தது.

"அப்டியே சேஃப்டிக்கு ஒண்ணு குடுத்துருங்க, இன்னொரு டேக்."

எத்தனை வருஷத்துப் பழக்கம்! அந்த வார்த்தையைக் கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறந்துகொண்டது. முன்னதைவிட நன்றாகவே சொல்லிவிட்டாள்.

டில்லிபாபு உள்ளே வந்தான். மைக்கின் மேல் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவே குங்குமம் வைத்தான். பிறகு அவள் கழுத்திலும் அதேபோல் இழுத்து வைத்தான். அவள் வாயை அசைத்தாள். காற்றுதான் வந்தது.

குரலைத் திருப்பிக் கேட்டு, ஒயரால் ரெக்கார்டிங் மெஷினைச் சுட்டிக் காட்டினாள்.

"பூஜை போட்டாச்சுக்கா. இன்னிக்கி மெஷினுக்கு லீவு. நாளிக்கி வாங்க, பாக்கலாம்."

அவள் நகரவில்லை. மெஷினைத் தட்டினாள். மீட்டரின் முள் அசையவில்லை. உள்ளே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

"லீவு உட்டா எவன்க்கா இங்கயே குந்தினு இருப்பான்? ஊட்டுக்குத்தான் போவும்." பொரிப் பொட்டலத்தை அவள் வலது கையில் திணித்தான். "பாப்பாக்குக் குடுங்க."

குணசுந்தரி ஓடினாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் நடை இன்று நீளமாக இருந்தது. ஓடஓட நீண்டது. வழிநெடுக மிக்ஸிகளும் மின்விசிறிகளும் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் ஓய்வெடுத்தன. ஒரு கிரைண்டர் அவளைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது, தன் இனத்துக்கு விடுவது போல.

கடைசியில் வீடு வந்தது. கதவைத் தட்டினாள்.

"யாரு?" இனிகாவின் குரல்.

மறுபடி தட்டினாள். பொரிப் பொட்டலத்தைக் கதவருகே வைத்துக் குலுக்கினாள்.

"பேர் சொல்லுங்க. சொல்லாட்டி திறக்க மாட்டேன்."

சமையலறைப் பக்கமிருந்து பதில் வந்தது. கணீரென்ற குரல். இரண்டு டேக்கும் சேர்ந்த முழுக்குரல்.

"தொறக்காதே கண்ணு. அம்மா குரல் கேட்டாத்தானே தாழ்ப்பாளைத் தொடணும்?"

"நீதான் உள்ளே இருக்கியேம்மா!" இனிகா சிரித்தாள். "அப்போ வெளியே யாரு?"

"ஏதோ மெஷின். மேல் தாழ்ப்பாளையும் போட்டுடு."

"அது எதுக்கும்மா?"

"சேஃப்டிக்கு ஒண்ணு."

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேல் தாழ்ப்பாள் விழுந்தது.