மார்லிஸின் காருக்குக் குறுக்குக் கம்பி போட்டது

மார்லிஸ் காருக்குக் குறுக்குக் கம்பி போட்டதைச் சொல்வதென்றால் அவளுடைய வலது தோளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போன நவம்பரில் பள்ளிப் பேருந்தின் படியில் உறைபனி வழுக்கி விழுந்தாள். தோளில் தசைநார் கிழிந்து, அறுத்துத் தைத்து, ஆறு வாரம் கை தூளியில் கிடந்தது. வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். வேறு யாராவது என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பழைய விமான தளத்துக்கு வந்து, ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவில் ஒற்றைக் காராகக் கடிகாரத்தோடு பந்தயம் விடுவதை அதோடு விட்டிருப்பார்கள். இவள் ஏப்ரலில் வந்து நின்றாள். ஆளுக்கு நான்கு ஓட்டம். இரண்டோடு இறங்கி, தோளைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புறப்படும் கோட்டில் கார்களை வரிசைப்படுத்தி அனுப்புகிற வேலை என்னுடையது.

"மே மாசம் ஒரு தடவை பாக்குறேன் பியூலா. அதுலயும் தோள் ஒத்துக்கலைன்னா காரை வித்துடுவேன்," என்றாள்.

அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

தோளை வாட்டியது வேகம் இல்லை, அதைக் கவனியுங்கள். கார்தான். இருபத்திரண்டு வயதுச் சின்னக் கார். மூடியில்லாத அட்டைப்பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிப் பார்த்திருப்பீர்கள், நெளியும். அந்தக் காரின் முன்பக்கமும் அப்படித்தான் நெளிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் கூடு நெளியும், பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். ஒரு கூம்பைச் சுற்றிவர மூன்று தடவை கையைத் திருத்த வேண்டும். வரிசையாக ஆறு கூம்பு என்றால் பதினெட்டுத் திருத்தம். பதினெட்டும் அந்தத் தைத்த தோளில் போய் விழுந்தன.

இதை முதலில் கண்டுபிடித்தவன் அவள் தம்பி ஆரின். வயலில் சுழன்று நீர் தெளிக்கிற பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். அக்காவும் தம்பியும் ஓட்டுவது ஒரே கார்தான். இவள் இறங்க, அவன் ஏறுவான்.

"உன் காருக்குக் காது மந்தம்க்கா. எதையும் மூணு தடவை சொன்னாத்தான் கேக்குது," என்றான். "ஒரு குறுக்குக் கம்பி போட்டுடலாம்."

குறுக்குக் கம்பி பெரிய மாயம் ஒன்றும் இல்லை. முன்சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்கள் பானெட்டுக்கு அடியில் இரண்டு மேடுகளில் வந்து முடியும். வளைவில் அந்த மேடுகள் ஆளுக்கொரு பக்கம் மயிரிழை சாயும். கெட்டியான ஒரு கம்பியால் இரண்டையும் பிணைத்துவிட்டால் சாயாது. அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற கார்களுக்கு ஒரு பிரிவு, கை வைத்த கார்களுக்கு ஒரு பிரிவு. முதல் பிரிவில் ஆறு வருடமாக மார்லிஸ்தான் முதலிடம். கம்பியை மாட்டிய நிமிடமே அவள் இரண்டாம் பிரிவுக்குப் போயாக வேண்டும். அங்கே இருப்பவர்கள் எல்லாம் புலிகள். விதை வியாபாரி வென்டெல் ஹ்ரூஷ்கா மூன்று வருடமாக அங்கே யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"கேடயம் போயிடும் மார்லிஸ்," என்று நானே சொன்னேன்.

"கேடயத்தையா தோள்ல வச்சுக் கட்டப்போறேன்?" என்றாள்.

மே மாதப் பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழமை மதியம் ஆரின் தன் கொட்டகையில் கம்பியை மாட்டினான். பிரேக் பட்டைகளையும் மாற்ற வேண்டியிருந்ததால் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தான். அந்த வேலை முடிந்த கையோடு, தூக்கியது தூக்கியபடியே, மேடுகளில் இருந்த நட்டுகளைக் கழற்றி, கம்பியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். வெல்டர் கை. அவன் முறுக்கியதை லேசில் அசைக்க முடியாது.

ஞாயிறு காலை, தளத்துக்கு வரும் வழியிலேயே மார்லிஸ் சொன்னாளாம், "கார் இடது பக்கமா இழுக்குதுடா."

"காத்துக்கா."

எங்கள் நெப்ராஸ்காச் சமவெளியில் எதற்கும் காற்றைச் சொல்லலாம். இங்கே குழந்தை அழுதாலும் காற்று, ரொட்டி உப்பாவிட்டாலும் காற்று.

முதல் ஓட்டத்தில் கோட்டைத் தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது வளைவுக்குக் கார் வெடுக்கென்று பாய்ந்தது, வலது வளைவுக்கு முரண்டு பிடித்தது. ஆறு கூம்பு வரிசையில் அவள் முழங்கை எழுந்து எழுந்து விழுவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. ஐம்பத்தொரு விநாடி. கம்பி இல்லாமல் ஓட்டியிருந்தாலே இதைவிட நன்றாக வந்திருப்பாள்.

திரும்பி வந்து வரிசையில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதடு வெளுத்திருந்தது.

"அவ்ளோதான் பியூலா. என் பேரை அடிச்சுடு. மிச்சத்தை இவன் ஓட்டட்டும்."

ஆரின் பானெட்டில் கையை ஊன்றிக் குனிந்தான். கட்டையான மனிதன், அவன் அப்படிக் கூனிக் குறுகி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் வென்டெல் வந்தான். அவன் கார் இவர்களுக்கு நான்கு கார் முன்னால் நின்றது. யாரும் கூப்பிடவில்லை.

"பானெட்டைத் தூக்குய்யா," என்றான் ஆரினிடம்.

தூக்கியதும் கம்பியைத் தொட்டான், நட்டுகளைத் தொட்டான். பிறகு தரையில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முன்சக்கரங்களையும் பார்த்தான். வலது சக்கரத்தின் தலை இடதைவிடச் சற்று உள்ளே சாய்ந்திருந்தது. அவன் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எப்படி மாட்டினே?"

"நட்டைக் கழட்டி, வச்சு, முறுக்கினேன். வேற எப்படி?"

"சக்கரம் தரையில இருந்துதா, தொங்கிட்டு இருந்துதா?"

"தொங்கிட்டுதான்," என்றான் ஆரின். சுற்றி நின்ற நாலைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களிலும் இரண்டு பேராவது ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்திருப்பார்கள், எனக்குத் தெரியும்.

"ஜாக்கியில இருக்கறப்ப வண்டி ஒரு மாதிரி நிக்கும், தரையில இருக்கறப்ப வேற மாதிரி நிக்கும்," என்றான் வென்டெல். "நட்டு மாட்டுற ஓட்டையில நூலளவு இடம் இருக்கு. தொங்குற சக்கரம் அதுல ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சு. நீ அதை அங்கேயே பூட்டிட்ட. கம்பி தானா போய் உக்காரணும்யா. நாம உக்கார வைக்கக் கூடாது."

"பெரிய வெல்டர் கையாம்," என்றாள் மார்லிஸ்.

"ஒரு தடவைதானேக்கா தப்பு பண்ணினேன்."

"என் தோளும் ஒண்ணுதான்டா."

வென்டெல் என்னைப் பார்த்தான். எதற்கென்று புரிந்தது. வரிசையில் நிற்கிற காரில் கோளாறு என்றால் பத்து நிமிடம் தரலாம். பதினோராவது நிமிடம் அந்த ஓட்டம் போய்விடும். மார்லிஸ் எனக்கு முப்பது வருடத் தோழி. ஆனாலும் விதி விதிதான். கடிகாரத்தை அமுக்கினேன்.

வென்டெல் தன் பெட்டியிலிருந்து நீளமான டார்க் ஸ்பேனரைக் கொண்டுவந்தான். குறித்த அழுத்தம் வந்ததும் டக்கென்று சொல்லிவிடும் ஸ்பேனர் அது. ஆரின் முறுக்கிய நட்டுகளை இளக்க இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. எல்லாம் இளகியதும், கியரை விடுவித்துக் காரை ஆறடி முன்னே தள்ளினார்கள், ஆறடி பின்னே தள்ளினார்கள். முன்பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொருவராக அழுத்தி அழுத்தி விட்டார்கள். கம்பி மெல்ல ஒரு முனகல் முனகி, நூலளவு நகர்ந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், களைத்தவர் நாற்காலியில் சாய்கிற மாதிரி அமர்ந்தது.

ஐந்தாவது நிமிடத்தில் வரிசை நகர்ந்து வென்டெலின் முறை வந்தது.

"வென்டெல், உன் கார்," என்றேன்.

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஸ்பேனர் டக் என்றது. வலது பக்கம் ஒரு நட்டு, இடது பக்கம் ஒரு நட்டு, மாறி மாறி.

"வென்டெல், கூப்பிட்டாச்சு."

"காதுல விழுந்துது பியூலா. போகட்டும்."

அவனுடைய நான்கு ஓட்டத்தில் ஒன்று போயிற்று. தாளில் அவன் பெயருக்கு நேரே நானே கோடு போட்டேன். அந்தக் கார் தன் பிரிவில், தனக்கு எதிராக ஓடப்போகிற கார் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. எங்கள் ஆட்கள் இப்படித்தான் என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்வோம். கண்ணெதிரே நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதே முக்கால் நிமிடத்தில் பானெட் மூடியது.

"ஒரே ஒரு தடவைக்கா," என்றான் ஆரின். "வலிச்சா பாதியில திரும்பிடு. நானே அந்தக் கம்பியைத் தூக்கி வயல்ல எறியறேன்."

மார்லிஸ் ஹெல்மெட்டை மாட்டினாள்.

அந்த இரண்டாவது ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. முதல் வளைவில் அவள் பழக்கத்தில் அதிகமாகவே திருப்பிவிட்டாள். கார் சொன்னபடி செய்து, கூம்பை உரசுகிற மாதிரி போயிற்று. பயந்துவிட்டாள் போல, அடுத்ததில் பாதிதான் திருப்பினாள். பாதியே போதுமாக இருந்தது. ஆறு கூம்பு வரிசையில் அவள் கை ஒரு கூம்புக்கு ஒரு தடவைதான் அசைந்தது. இடம், வலம், இடம், வலம். நடுவில் திருத்தமே இல்லை. மேடுபள்ளமான சிமென்ட்டுத் தரையில் கார் முன்னைவிடக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் குதித்தது உண்மை. ஆனால் குதித்த இடத்திலேயே நின்றது, வழிதவறவில்லை. நாற்பத்தெட்டே முக்கால்.

வந்து நிறுத்தினாள். ஆரின் ஜன்னலில் தலையை விட்டு, "தோள்?" என்றான்.

"இரு, மறந்துட்டேன்," என்றாள். பிறகு கையைத் தூக்கி, சுழற்றி, யோசித்துப் பார்த்தாள். "இருக்கு. கத்தலை."

மூன்றாவது ஓட்டமும் ஓட்டினாள், நான்காவதும் ஓட்டினாள். கடைசியில் நாற்பத்தேழு புள்ளி இரண்டு. எட்டுப் பேரில் ஐந்தாவது இடம். மூன்றே ஓட்டத்தோடு வென்டெல் நாற்பத்தைந்து புள்ளி ஒன்பதில் முதலாவது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக மார்லிஸ் கேடயம் இல்லாமல் நின்றாள்.

வென்டெல் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். மார்லிஸ் நேரே அவனிடம் போனாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"யோவ், ஒரு ஓட்டத்தை விட்டுட்டு ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதே," என்றாள். "ஜூன்ல நாலையும் ஓட்டு. அப்ப பாக்கலாம்."

"ஜூன்ல வருவியா?" என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பின்னே, உன்னை யாரு ஜெயிக்கிறது?"

காருக்கு அந்தப் பக்கம் குந்தி, காற்று அழுத்தம் பார்ப்பதுபோல ஆரின் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். அந்த டயருக்குக் காற்று சரியாகத்தான் இருந்தது. எழுந்திருக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.