மனைவியாக உள்ளே வரக்கூடாது

சகல ஜீவராசிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இன்று பொழுது சாய்வதற்குள் ஓர் ஆன்மா, பிறப்பு இறப்பு என்னும் சக்கரத்திலிருந்து நிரந்தரமாக இறங்கிக்கொள்ளப் போகிறது. ஏற்பாடுகள் யாவும் முடிந்துவிட்டன. படுக்கையறையில் ஊதுவத்தி புகைகிறது. கட்டிலைச் சுற்றிப் பக்தர்கள் நாமம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறை வாசலில், பக்தர்களில் ஒருவரான வீட்டுத் தரகர், நிலையின் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு காவல் நிற்கிறார். ஒரே ஓர் இடைஞ்சல்தான் பாக்கி. அது கையில் தண்ணீர் டம்ளருடன் அவருக்கு எதிரே நின்றது.

“தள்ளுங்க. அவருக்கு வாய் காஞ்சிருக்கும்.”

“தண்ணிய நான் கொடுக்கிறேம்மா. நீங்க உள்ள வரக்கூடாது.”

“இது என் ரூமுங்க.”

“நேத்து வரைக்கும்மா,” என்றார் தரகர், பணிவாக. எத்தனையோ குடும்பங்களை வீடு காலி செய்ய வைத்த குரல்.

உள்ளே கிடந்தவர் அவளுடைய கணவர். வேதம், உபநிடதம், கீதை என்று மண்டபம் மண்டபமாகப் பேசியவர். ஊரில் அவருக்கு ‘ஆத்மா சார்’ என்று பெயர். உடம்பு வேறு, ஆன்மா வேறு என்று அவர் மேடையில் பிரித்துக் காட்டும்போது, மீன்கடைக்காரர் முள்ளை உருவுகிற லாகவம் இருக்கும். பற்றை விடுங்கள் என்று நானூறு பேருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, என் கண்ணாடி எங்கே, என் மாத்திரை எங்கே, என் இன்னொரு செருப்பு எங்கே என்று அவளைத்தான் கேட்பார். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊருக்கே ஊசி போட்டு ரத்தம் எடுத்துவிட்டு வந்து, அவருடைய செருப்பையும் தேடி எடுத்துக் கொடுப்பாள்.

வினை போன வருஷம் ஒரு சொற்பொழிவில் வந்தது. கடைசி நினைப்பு எதுவோ, அதுவே அடுத்த பிறவி. மானை ஆசையாக வளர்த்த முனிவர், சாகும்போதும் அதையே நினைத்து மானாகப் பிறந்த கதையை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“எனக்கு ஆபத்து இந்த மான்தான். என் கடைசி நேரத்துல இவங்கள உள்ள விடாதீங்க. நானே கெஞ்சினாலும் விடாதீங்க. கெஞ்சுறது நான் இல்ல, மாயை!”

மண்டபம் அதிர்ந்தது. மான் வெட்கத்தோடு சிரித்து, போட்டோவுக்கும் நின்றது. எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டியவர் தரகர். ஒப்பந்தம் என்றால் அவருக்கு ஒப்பந்தம்தான்.

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். கூடத்துக்குப் போனாள், பாதியில் திரும்பினாள். அவளுடைய தம்பி, டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன், ஸ்டூலில் உட்கார்ந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒரு இடத்துல நில்லு. எனக்குத் தலை சுத்துது.”

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. நாம முழக்கத்துக்கு நடுவே, நூல் மாதிரி.

“இந்தா...”

அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே பெயர் அது.

“இந்தா... எங்க போய்ட்ட?”

நாமம் உடனே இரண்டு பங்கு சத்தமாயிற்று. “மாயை பேசுது, விடாதீங்க, விடாதீங்க!” என்று தரகர் உற்சாகப்படுத்துவது கேட்டது. அவள் அடுப்பு மேடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி எழுந்துவிட்டான். “நான் போயி அந்த ஆள நகத்தட்டுமா? க்ளட்ச்ச விட்டா நேரா உள்ளதான்.”

“வேணாம்டா.”

“மாமா உன்னத்தானக்கா கூப்பிடுறாரு?”

“கூப்பிடுவாருன்னு அவரே சொல்லி வெச்சிருக்காரே.” அவள் குரல் இறங்கியது. “நான் போயி, என்னைப் பாத்துட்டே அவர் உசுரு போயி, அதனால மறுபடி பொறந்தாருன்னா? ஆயுசு பூரா படிச்சதெல்லாம் என்னால வீணாப் போச்சுன்னா?”

“பொறக்கட்டுமே. உன்ன விட்டா அவருக்குச் செருப்பு யாரு தேடிக் கொடுப்பா?”

அவள் சிரிக்கப் போனாள். பாதியில் அது வேறு எதுவோ ஆகிவிட்டது. முகத்தைக் குழாயடியில் காட்டிக் கழுவினாள்.

“இந்தா...” குரல் இன்னும் மெலிந்திருந்தது.

அவள் வேலைக்குக் கொண்டுபோகும் பையை எடுத்தாள். வெள்ளைக் கோட்டை மாட்டினாள். ரப்பர் பட்டை, பஞ்சு, உறை பிரிக்காத ஊசி, எல்லாவற்றையும் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“ரத்தம் எடுக்கணும்.”

தரகர் விழித்தார். ஆத்மா சாரின் உத்தரவில் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பத்திரத்தில் இல்லாத கிணறு திடீரென்று வீட்டுக் கொல்லையில் கிளம்பியது போல் இருந்தது அவருக்கு.

“அவசியமாம்மா?”

“அவசியம்.”

அவர் யோசித்தார். உள்ளே திரும்பிப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார்:

“சரி. ரத்தம் எடுக்கிறவங்களா உள்ள வாங்க. மனைவியா வராதீங்க. மாஸ்க் போட்டுக்குங்க, ஐயா மூஞ்சியப் பாத்துடக் கூடாது. பேசவும் கூடாது.”

அவள் மாஸ்க் போட்டுக்கொண்டாள். கை வழிவிட்டது.

கட்டிலில் அவர் சுருங்கிப் போயிருந்தார். கண் மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தது. பக்தர்கள் கண்ணை மூடிக்கொண்டு உரத்த குரலில் அவரை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கையை மடியில் எடுத்து வைத்து, ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு தேடி முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டினாள். மாஸ்க் முகத்தைத்தான் மறைக்கும். அந்தத் தட்டலை ஒவ்வொரு வருஷமும் சர்க்கரைக்குச் சோதிக்கும்போது வாங்கியவர் அவர்.

கண் தேடுவதை நிறுத்தியது.

“வந்துட்டியா,” என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். பேசக் கூடாது என்பது நிபந்தனை. தரகர் வாசலிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். நாமச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

கட்டிலில் கிடந்தவரின் உதடு மறுபடி அசைந்தது. அவள் குனிந்தாள்.

“பயமா இருக்கு.”

ஆன்மாவை நெருப்பு சுடாது, நீர் நனைக்காது என்று எத்தனை மேடையில் சொன்ன வாய். அவளுக்கு அந்தச் சங்கதிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. முப்பது வருஷமாக, ஊசியைக் கண்டு மிரள்கிற எல்லாரிடமும் சொன்னதுதான் வந்தது.

“அங்க பாக்காதீங்க, என்னப் பாருங்க. கையைத் தளர்த்தியா விடுங்க. சுருக்குன்னு ஒரு தடவ, அவ்வளவுதான். முடிஞ்சிடும்.”

அவர் கீழ்ப்படிந்தார். அவளைப் பார்த்தார். தளர்த்தச் சொன்ன கையைத் தளர்த்தினார். மற்ற கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊசி உறையிலேயே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் பட்டையை அவிழ்த்து, மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். விரலை எடுக்காமலே அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நாமம் இன்னும் நான்கைந்து சுற்று போயிற்று. யாரோ ஒருவருக்கு இருமல் வந்து நின்றபோதுதான் மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள்.

தரகர் உள்ளே வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். வெளியே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

“மகான் போயிட்டாருங்க. நாமத்தக் கேட்டுக்கிட்டே. ஒரு பற்று இல்ல, ஒரு பாசம் இல்ல. வீட்டம்மாவக் கூடப் பாக்கல.”

உள்ளே தம்பி, அவளுடைய கோட்டின் கையை அவருடைய விரல்களிலிருந்து பிரித்துப் பார்த்தான், முடியவில்லை. கத்தரிக்கோல் கேட்டான்.